எங்கள் மீன் அறையில் சொல்லக்கூடாத சொல்

மீன் அறையின் சாவியைப் போன மாதம் ஜூனியர்களிடம் கொடுத்தேன். அன்று முதல் திருப்பதியில் எங்கள் ஆய்வகத்தில் எனக்குப் பெயர் ‘ரிட்டையர்டு அக்கா’. வயது முப்பதைத் தொடவில்லை, அதற்குள் ஓய்வு! சிரிப்பதற்காக வைத்த பெயர்தான்; யோசித்துப் பார்த்தால் நியாயமாகவும் படுகிறது. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர்கள் ஒரு முழு உத்தியோக வாழ்க்கையைச் சில வருடங்களுக்குள் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். சேரும்போது எதைத் தொடவும் யோசிக்கும் ஜூனியர். நடுவில், எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் அலையும் சீனியர். கடைசியில், மூலையில் நாற்காலி போட்டு ஆய்வேடு எழுதிக்கொண்டே போகிற வருகிறவர்களுக்கெல்லாம் யோசனை சொல்லும் ஆள். மூன்றும் ஆகிவிட்டேன்.

இதை எழுத வைத்தவை ஸ்டிக்கர்கள். ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு சின்ன பிரிண்டர் வந்திருக்கிறது. கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர் அடித்து டப்பாவில் ஒட்டிவிட்டால் போதும்; போனைக் காட்டினால் உள்ளே என்ன மீன், என்ன மருந்து, யார் வைத்தது எல்லாம் வந்துவிடும். முதல் ஸ்டிக்கரை ஃப்ரீசர் கதவில் ஒட்டிப் பார்க்கப் போன ஜூனியர் பெண், அங்கே ஏற்கெனவே இருந்த பழைய காகிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்று எழுத்திலும் அதில் ஒரே கட்டளை: ‘இந்த அறையில் யாரும் நின்ன என்ற சொல்லைச் சொல்லக்கூடாது.’ அதற்குக் கீழே வேறு மையில், சாய்ந்த கையெழுத்தில்: ‘N டப்பாவுக்கு மட்டும் சொல்லலாம்.’

“இது இன்னாக்கா, சாபமா?” என்றாள்.

கிட்டத்தட்ட சாபம்தான். ஸ்டிக்கர்கள் அந்தக் காகிதத்தை மூடுவதற்குள் எழுதிவிட உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வேலை, ரத்தக் குழாய்கள் உருவாகும் விதத்தைப் பார்ப்பது. என் வழிகாட்டிப் பேராசிரியர் பத்மஜா மேடத்துக்குக் ‘குழாய்’ என்ற சொல்லே பிடிக்காது. குழாயை யாரோ எங்கோ செய்து கொண்டுவந்து பொருத்துவார்கள். ரத்தக் குழாயை அதன் செல்களே கட்டுகின்றன. கட்டும்போதே உள்ளே ரத்தமும் ஓடிக்கொண்டிருக்கும். ரேணிகுண்டா ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருக்கும்போதே ரோட்டை அகலப்படுத்துவார்களே, அந்த மாதிரி. இங்கே ஒரு வேடிக்கை கூடுதல்: ஜல்லிக்கல்லே எழுந்து நடந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைப் பார்ப்பதற்கு எங்களுக்குக் கிடைத்த வரம் வரிக்குதிரை மீன். சுண்டுவிரலை விடச் சின்ன மீன். அதன் கரு கண்ணாடியைப் போல் இருக்கும், வெளியிலிருந்தே உள்ளே எல்லாம் தெரியும். நாங்கள் வளர்க்கும் வகையில் ரத்தக் குழாயின் செல்கள் நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். இதயம் துடிக்க ஆரம்பித்து ரத்தம் ஓடத் தொடங்கியதும், அந்தப் பச்சைச் செல்கள் ஓட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பிக்கொண்டு இதயத்தை நோக்கி ஊர்கின்றன. வெள்ளத்தில் எல்லாம் ஒரு பக்கம் அடித்துக்கொண்டு போகும்போது இவை மட்டும் எதிர்ப் பக்கம்! முதல் தடவை பார்த்தபோது நான் மூச்சு விட மறந்துவிட்டேன்.

அவற்றுக்கு யார் சொல்கிறார்கள்? ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. எது எழுந்து வேலை பார்க்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் விஷயம். ரத்தம் உரசிக்கொண்டு ஓடும்போது செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட மரபணு எழுகிறது. அது எழுந்து மற்ற சிலவற்றை எழுப்புகிறது. செல் திசை பிடிக்கிறது. ரத்தம் நின்றால் மரபணு தூங்கிவிடும், செல்லும் திசை தெரியாமல் அலையும். இதை வேறு ஊர்களில் வேறு ஆய்வகங்கள் முன்பே சொல்லிவிட்டன. அதற்கு மேல் புதிதாக நான் என்ன சொல்லப் போகிறேன்? வருடக்கணக்கில் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான். பதில் இல்லையென்றால் ஆய்வேடு இல்லை.

எனக்கு ஊர் பிச்சாட்டூர்ப் பக்கம். தாத்தா காலத்தில் எங்களுக்குக் கையகல நிலம் கிடையாது. இப்போது நைனா, அதாவது என் அப்பா, சொந்த நிலத்தில் வேர்க்கடலை போடுகிறார். சித்தூரில் பி.எஸ்ஸி., திருப்பதியில் எம்.எஸ்ஸி., நுழைவுத் தேர்வு, உதவித்தொகை. இத்தனை வருடங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அப்போதெல்லாம் படித்தேனே தவிர எதையும் பார்க்கவில்லை.

நைனா ஒரு தடவை மீன் அறைக்கு வந்தார். அணையில் வலை வீசிப் பழகியவர். வரிசையாக அடுக்கியிருந்த தொட்டிகளை மேலும் கீழும் பார்த்தார்.

“இத வெச்சிக்கினு இன்னாம்மா பண்றது? கொழம்புக்கும் ஆவாது, வறுவலுக்கும் ஆவாது. துன்னா பல்லு சந்துல பூந்துக்கும்.”

“துன்றதுக்கு இல்ல நைனா, பாக்கறதுக்கு.”

“மீன பாக்கறதுக்கா இத்தினி வருசம் படிச்ச? நம்ம அணைக்கட்டு மேல குந்தினா நாள் பூரா பாக்கலாமே!”

ஒரு கருவை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து அவரைக் குனிய வைத்தேன். பிறகு, தலையைத் தூக்காமலே, “ஏய், நெஞ்சு அடிக்குதும்மா!” என்றார். அதற்குப் பின் அவர் குழம்பைப் பற்றிப் பேசவில்லை.

பத்மஜா மேடம் சித்தூர்க்காரர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, எங்களைத் திட்டும்போது ஆங்கிலம். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையாவது புதிதாகப் பார்த்துவிட்டு ஓடிப்போய், “மேடம், வந்து பாருங்களேன்” என்றால் வரமாட்டார். ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, நுண்ணோக்கிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

“நீ பாத்துக்கினே சொல்லு. நான் வரையறேன்.”

நாம் சொல்லச் சொல்ல அவர் வரைவார். சொல்லி முடித்த பிறகுதான் எழுந்து வந்து கண்ணை வைப்பார். அப்புறம் தாளைப் பார்ப்பார். என் முதல் வருடம் முழுவதும் அந்தத் தாளில் இருந்த மீனும் கண்ணாடிக்குக் கீழே இருந்த மீனும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன.

“உன் வாய்ல இருக்கற மீனு வேற, தட்டுல இருக்கற மீனு வேற, வாணி. எத நம்பறது?”

ஒரு தடவை நான் உற்சாகமாக, “இந்தச் செல்லு அந்தப் பக்கம் போவணும்னு நெனைக்குது மேடம்” என்று ஆரம்பித்தேன். பென்சில் நின்றுவிட்டது.

“நெனைக்குதா? உன்கிட்ட வந்து சொல்லிச்சா?”

“இல்ல மேடம்...”

“அப்ப நான் இன்னாத்த வரையறது? நெனப்ப எப்பிடி வரையறது?”

எங்களுக்குள் அந்தத் தாளுக்குப் பெயர் ‘கோர்ட்டு’. கோர்ட்டில் நின்று நின்று எனக்குக் கண் திறந்தது. இப்போது யோசிக்கையில், எத்தனை பேராசிரியர்கள் தங்கள் மாணவி பார்த்ததை முதலில் காதால் வாங்கிக்கொள்ள அவ்வளவு பொறுமையாக உட்காருவார்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. தான் முந்திக்கொண்டு பார்த்துவிட்டால், மாணவி தன் கண்ணை நம்பாமல் மேடத்தின் கண்ணை நம்பிவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி, ரத்தத்தை நிறுத்துகிற வேலை. கேட்கக் கொடூரமாக இருக்கும். இந்த மீனின் கரு மிகச் சின்னது. அந்த வயதில் தோல் வழியாகவே போதுமான ஆக்சிஜன் உள்ளே போய்விடும். மயக்க மருந்தைக் கூட்டினால் இதயம் மெல்ல மெல்லத் துடிப்பைக் குறைத்து நின்றுவிடும். ஆனால் கரு சாகாது. பல மணி நேரம் அப்படியே இருக்கும். மருந்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால், முதலில் ஒரு சின்னத் துடிப்பு, பிறகு நீண்ட மௌனம், பிறகு இன்னொன்று, அப்புறம் தடதடவென்று பழையபடி. அந்த நீண்ட மௌனத்தில் ஒவ்வொரு தடவையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.

வேலை நாளில் கருக்களை மூன்றாகப் பிரிப்போம். முதல் பங்கு, மருந்தே இல்லாமல் ரத்தம் ஓடுபவை. இரண்டாவது பங்கு, இதயத்தை நிறுத்தி, நின்ற நிலையிலேயே பதப்படுத்தியவை. இந்த இரண்டுக்கும் நிறமேற்றி ஒப்பிட்டுப் பார்ப்போம். நாங்கள் தேடும் மரபணு எந்தச் செல்லில் எழுந்திருக்கிறதோ அந்தச் செல் ஊதாவாகும். தூங்கினால் வெள்ளையாகவே இருக்கும். மூன்றாவது பங்கு மேடம் வற்புறுத்திச் சேர்த்தது. நிறுத்தியதில் சிலவற்றை எடுத்து, மருந்தைக் கழுவி, மறுபடி ஓடவிட்டு, மறுநாள் காலை வரை வைத்துப் பார்க்க வேண்டும். ‘நின்னது செத்ததில்லைன்னு நீ ருஜு பண்ணணும்’ என்பார். காலையில் அவை துடித்துக்கொண்டிருந்தால் மருந்தின் அளவு சரி. அந்தப் பங்குக்கு அதற்கு மேல் வேலை கிடையாது. இருந்தாலும் மேடத்துக்கு எதையும் கொட்டப் பிடிக்காது. அவற்றையும் பதப்படுத்தி ஃப்ரீசரில் வைப்போம்.

இந்த மூன்றாவது பங்கைப் பார்த்துக்கொண்டவன் சுரேந்திரா. எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்த ஆய்வு மாணவன், பீலேருக்காரன். தாய்மொழி தெலுங்கு, தமிழ் எங்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டது. கருவைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையை ஊசிமுனை இடுக்கியால் கிழிக்கும் வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. பலாச்சுளை எடுப்பது போல் அலுங்காமல் எடுப்பான். நான் கிழித்தால் பாதி மீனுக்கு வால் இருக்காது.

ஓர் ஐப்பசியில் சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போனேன். விடாத மழை. ஆரணியாற்றில் அணையைத் திறந்துவிட்டார்கள், தரைப்பாலம் மூழ்கி பஸ் நின்றுவிட்டது. எனக்கோ ஆய்வகத்தில் நிறமேற்றும் கரைசலைக் கலந்து வைத்துவிட்டு வந்த கவலை. அது நாள்பட்டால் கெட்டுவிடும். சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்துக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு சுரேந்திராவுக்குப் போன் போட்டேன்.

“சுரேந்திரா, இங்க பஸ்ஸே வுடல. ஆத்துல தண்ணி ரோட்டு மேல போய்க்கினு கீது. நாளன்னிக்கிதான் வர முடியும்.”

“பர்லேதக்கா, பரவால்ல. நான் ஏமி பண்ணணும், சொல்லு.”

“கலரு இன்னிக்கே போட்டுரு. ஓடறதையும் நின்னதையும் பக்கத்துல பக்கத்துல போடு.”

“ஓடறதி... அப்பறம் நின்னதியா?”

“ஆமாண்டா, நின்னது!”

“நின்னதிக்கு எதுக்கக்கா கலரு?”

“இன்னாடா கேள்வி இது? அதுக்குத்தான அத்தினி பாடு! பாதி போடு, பாதி ஃப்ரீசர்லயே வெய்யி. நல்லா கேட்டுக்கினியா? நின்னது.”

“கேட்டேனக்கா, கேட்டேன். நின்னதி. நீ நனையாத, லோப்பலிக்குப் போ.”

உள்ளே போனேன். மனம் நிறைந்து பாயசம் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது இரண்டு தட்டுகள் தயாராக இருந்தன. ஒன்றில் அவன் O என்று எழுதியிருந்தான், இன்னொன்றில் N. ஓடுவது O, நின்றது N. முதலில் O-வைப் பார்த்தேன். குழாய் நெடுக ஊதா, எதிர்பார்த்தபடி. பிறகு N-ஐ வைத்தேன்.

ஊதா. ஒரு மீனில், இன்னொரு மீனில், எல்லா மீனிலும்!

ரத்தம் நின்றிருக்கிறது, மரபணு எழுந்திருக்கிறது. அப்படியென்றால் அதை எழுப்புவது ரத்த ஓட்டமே இல்லையா? இத்தனை நாள் எல்லோரும் சொன்னது தலைகீழா? நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஆய்வகத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சுரேந்திராவும் என்னோடு குதித்தான். ஆனால் அவன் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் இருந்தது. இதில் குதிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லையாம். அக்கா குதிக்கிறாள், நாமும் குதிப்போம் என்று குதித்ததாகப் பிறகு சொன்னான்.

மேடம் வந்தார். தாள், பென்சில், முதுகு. நான் சொல்ல, அவர் வரைந்தார். எழுந்து வந்து பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி கண்ணை வைத்தார்.

“நீ சொன்னதும் இருக்கறதும் ஒண்ணுதான்” என்றார். என் வாழ்நாளில் அவர் கொடுத்த மிகப் பெரிய பாராட்டு அது. உடனே, “திரும்பப் பண்ணு. எது எந்தத் தட்டுன்னு உனக்கே தெரியக்கூடாது. சுரேந்திரா பேர மாத்தி வெக்கட்டும். அதுவரைக்கும் யாருக்கும் சொல்லாத” என்றார்.

நைனாவுக்கு மட்டும் சொன்னேன். நைனா பிச்சாட்டூர் டீக்கடைக்கு மட்டும் சொன்னார்.

திரும்பச் செய்தோம். வெள்ளை. நின்றவை எல்லாம் வெள்ளை, துடைத்துவைத்த மாதிரி. கரைசல் சரியில்லை என்று புதிதாகக் கலந்து மறுபடி செய்தோம். வெள்ளை. மருந்தை மாற்றி, மீனை மாற்றி, செய்கிற ஆளையும் மாற்றினோம். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஆய்வேட்டின் சுருக்கத்தைக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊதா நிஜமென்றால் எனக்கு ஒரு புதிய விஷயம் இருக்கிறது. பொய்யென்றால், மற்றவர்கள் சொன்னதை நானும் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருடமும் அதற்குத்தானா?

நைனா போனில், “இன்னாம்மா, அந்த மீனு விசியம் பேப்பர்ல எப்ப வருதாம்? கடையில கேட்டுக்கினே கீறாங்க” என்றார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பக்கத்து ஆய்வகத்துச் சீனியர் ஒருவர் நல்ல மனதோடு யோசனை சொன்னார்: முதல் தடவை ஏதோ அழுக்கு, மறந்துவிடு. நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். மேடம் மாட்டேன் என்றார்.

“கலரு வந்துச்சி. நீ பாத்த, நானும் பாத்தேன், வரைஞ்சி வெச்சிருக்கேன். எங்கிருந்தோதான வந்திருக்கும்? அத அப்பிடியே வுட்டுட்டுப் போனா, நாளைக்கி நல்லது வந்தாலும் எந்த மூஞ்ச வெச்சிக்கினு நம்புவ? மீனு மேல தப்பில்ல. அன்னிக்கி நாம இன்னா பண்ணோம்னு நமக்கே தெரியல.”

மறுநாள் காலை அவர் செய்த காரியத்தை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. அன்றைய நாளை அப்படியே மறுபடி நடத்தச் சொன்னார், நாடகம் மாதிரி.

“வாணி, நீ கீழ மாடிப்படிகிட்ட போயி நில்லு. அதான் பிச்சாட்டூர். சுரேந்திரா, நீ உன் எடத்துல நில்லு. அன்னிக்கி இன்னா பேசினீங்களோ அதையே பேசுங்க. செஞ்சதையே செய்யி.”

“கொட வேணுமா மேடம்?” என்றேன் எரிச்சலில்.

“இருந்தா புடி.”

படிக்கட்டடியில் நின்று போன் போட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். பஸ் விடவில்லை என்றேன், ஆற்றில் தண்ணீர் என்றேன். அவனும் பர்லேதக்கா என்றான். ஓடறதி, நின்னதி, ஆமாண்டா நின்னது, எல்லாம் வரி பிசகாமல் வந்தது. இன்னாடா கேள்வி இது என்கிற இடத்தில் எனக்கு அன்றைக்கு வந்த அதே கோபம்கூட வந்தது. போனை வைத்துவிட்டு மேலே ஓடினேன்.

சுரேந்திரா ஃப்ரீசரைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தான். மேடம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எந்த டப்பா எடுக்கற?”

“நின்னதி, மேடம்.”

“அப்பிடின்னா?”

“அதே மேடம், நின்ன...” அவனுக்குத் தமிழ்ச்சொல் கிடைக்கவில்லை. “எஸ்டர்டேதி! மொத நாளுதி!”

தெலுங்கில் நின்ன என்றால் நேற்று. நின்னதி என்றால் நேற்றையது. முந்தின நாள் நிறுத்தி, கழுவி, மறுபடி ஓடவிட்டு, காலையில் எடுத்துவைத்த அந்த மூன்றாவது பங்குக்கு அவன் வாயில் எப்போதும் அதுதான் பெயர். நான் நின்னது என்று கத்தியதெல்லாம் அவன் காதில் நேற்றையதாகவே விழுந்திருக்கிறது. நான் ‘நின்னது’ என்பதை அவன் எப்போதும் ‘ஸ்டாப்பு’ என்பான். இத்தனை வருடம் ஒரே மேசையில் வேலை செய்தும் இது எங்களுக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் எப்போதும் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே பேசுவோம். கை இல்லாமல் பேசியது அந்த ஒரு நாள்தான்.

மேடம் அவன் கையை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நின்றவை இருந்த டப்பா, ஒன்றுகூடக் குறையாமல், பனி படிந்து ஓரமாக இருந்தது.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, ஃப்ரீசர் கதவில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “பொறந்ததுலருந்து ரெண்டு பாஷையும் பேசறேன், ஒரு நாளும் இது ஒறைக்கலையே!”

சுரேந்திரா, “சாரி அக்கா, சாரி அக்கா” என்று சுற்றிச் சுற்றி வந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடவிட்ட மீனில் மரபணு எழுந்திருக்கிறது. அதில் அதிசயம் என்ன? என் கண்டுபிடிப்பு போயே போய்விட்டது.

மேடத்தின் சிரிப்பு சட்டென்று அடங்கியது. தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“அழறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. N தட்டுல இருந்தது இன்னா மீனு?”

“நிறுத்திட்டு, திரும்ப ஓடவிட்டது மேடம்.”

“மரபணு எழுந்திருச்சா?”

“எழுந்திருச்சி.”

“செல்லு திரும்பிச்சா?”

நாங்கள் நிறத்தைத்தான் பார்த்தோம். செல் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்று பார்க்கவே இல்லை. மரபணு எழுந்தால் செல் திரும்பிவிடும் என்று நினைத்துக்கொண்டோம்.

“பாத்தியா, நெனச்சியா?” என்றார் மேடம்.

“நெனச்சேன் மேடம்.”

“பாதி வெச்சிருக்கியே. பாரு.”

பதப்படுத்திய மீனிலும் செல்லின் திசையைக் கண்டுபிடிக்க முடியும். செல்லின் உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உறுப்பு உண்டு; செல் எந்தப் பக்கம் போகக் கிளம்புகிறதோ அந்தப் பக்கம் அது முன்னால் வந்து நிற்கும். நாங்கள் அதைச் செல்லின் மூக்கு என்போம். மீதமிருந்த பாதியை எடுத்து உட்கருவுக்கு ஒரு நிறம், மூக்குக்கு ஒரு நிறம் ஏற்றினோம். உறையின் மிச்சங்களை நீக்கும் வேலையைச் சுரேந்திரா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் ஒரு மீன்கூட வீணாகக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தான்.

மேடம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் கண்ணை வைத்தேன்.

“சொல்லு.”

“இதயம் இடது பக்கம் இருக்கு மேடம். முதல் செல்லு, மூக்கு வலது பக்கம். ரெண்டாவது, மேல. மூணாவது இடது. நாலாவது... கீழ.” என் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. “ஒண்ணும் ஒரு பக்கமா இல்ல மேடம். சந்தைல கூட்டம் கலையற மாதிரி எல்லாம் ஒவ்வொரு பக்கம் பாத்துக்கினு நிக்குது!”

பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் எழுந்து வந்து பார்த்தார். அவர் தாளில் இருந்த மூக்குகளும் கண்ணாடிக்குக் கீழே இருந்த மூக்குகளும் ஒன்றாகவே இருந்தன.

ரத்தம் திரும்ப வந்திருக்கிறது. மரபணுவும் எழுந்திருக்கிறது. ஆனால் செல் திரும்பவில்லை. மரபணு எழுந்தால் மட்டும் போதாதா? எப்போது எழ வேண்டும் என்று ஒரு நேரம் இருக்கிறதா, அதைத் தவறவிட்டால் பிடிக்க முடியாதா? இந்தக் கேள்விகள் எங்கள் ஆய்வகத்தில் அதற்கு முன் யார் வாயிலும் வந்ததில்லை. ஒரு மழை நாளில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று நான் தமிழில் கேட்க, அவன் தெலுங்கில் செய்துவைத்த பரிசோதனை அது.

அடுத்து வந்தது நீண்ட உழைப்பு. உயிருள்ள கருக்களை வைத்துப் படம் பிடித்தோம். கொஞ்ச நேரம் மட்டும் நிறுத்தி ஓடவிட்டால் செல்கள் சற்றுத் தடுமாறி எதிர்நீச்சலைப் பிடித்துவிடுகின்றன. அதிக நேரம் நிறுத்தினால், மரபணு பளிச்சென்று எழுந்த பிறகும், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த காலம் வரை அவை திசை பிடிக்கவில்லை. எங்கள் மீன்களில் நாங்கள் பார்த்தது இவ்வளவுதான். இதற்கு மேல் நினைப்பதை ஜூனியர்களுக்கு விட்டுவிட்டேன். சுருக்கத்தைக் கெடுவுக்குள் கொடுத்தேன். பிச்சாட்டூர் டீக்கடைக்கும் திருத்திய செய்தி போய்ச் சேர்ந்தது. ஃப்ரீசர் கதவில் அந்தக் காகிதம் ஏறியதும் நாடகம் நடந்த அந்த வாரத்தில்தான். நின்றது இனிமேல் ‘ஸ்டாப்பு’, நேற்றையது ‘எஸ்டர்டே’. இரண்டு மொழிக்கும் பொதுவாக மூன்றாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டோம்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. நைனா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். கடைசியில் தேர்வாளர் திரையில் இருந்த முக்கியமான படத்தைக் காட்டினார். மூன்று பங்குகளில் மூன்றாவதற்கு N என்று போட்டிருந்தேன். முதல் தட்டில் சுரேந்திரா எழுதிய அந்த எழுத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

“N என்பது எதன் சுருக்கம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நின்றுபோனது” என்று நான் ஆங்கிலத்தில் சொன்ன அதே நொடியில் கடைசி வரிசையிலிருந்து சுரேந்திரா, “எஸ்டர்டே, சார்!” என்றான்.

அரங்கமே சிரித்தது. தேர்வாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இரண்டில் எது?”

மேடம் எழுந்தார். “இரண்டும்தான். நேற்று நின்ற மீன்கள் அவை. எங்கள் இரண்டு மொழியிலும் அந்தப் பெயர் சரியாக இருப்பது அவற்றுக்கு மட்டும்தான்.”

முடிவு அறிவித்துக் கைதட்டல் ஓய்ந்ததும், எல்லோரும் லட்டுப் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, மேடத்தைக் காணவில்லை. தேடிக்கொண்டு மீன் அறைக்குப் போனேன். நைனாவும் கூடவே வந்தார். மேடம் ஃப்ரீசர் முன்னால் நின்று, காகிதத்தின் அடியில் பேனாவால், ‘N டப்பாவுக்கு மட்டும்’ என்ற அந்த இரண்டாவது வரியை எழுதிக்கொண்டிருந்தார்.

நைனா கிட்டே போய், மேல் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மாறியது.

“ஏம்மா டீச்சரம்மா, பஸ்ஸு நின்னா கூட இங்க சொல்லக்கூடாதா?”

மேடம் பேனாவை மூடினார்.

“பஸ்ஸு நின்னா தாராளமா சொல்லலாங்க. ஆனா போன்ல வேணாம். நேர்ல வந்து, கையக் காட்டிச் சொல்லணும்.”